சிக்கிக்கொண்ட பழைய ஃபிலிம் கேமராவை வீட்டிலேயே சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

பரணிலிருந்து இறங்கும் பழைய கேமராக்களில் பெரும்பாலானவற்றின் மேல் ஒரே புகார்தான்: லீவர் நகரவில்லை, பட்டன் அமுங்கவில்லை. ‘ஜாம் ஆயிடுச்சு, இனி ஷோகேஸில் வைக்கத்தான் லாயக்கு’ என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை உடனே ஏற்க வேண்டியதில்லை. சிக்கிக்கொண்ட கேமராவில் ஏதாவது உடைந்திருப்பதைவிட, தொடங்கிய வேலை ஒன்று பாதியில் நின்றுபோயிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அது எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்ப்பின் முக்கால் பங்கு.

கேமராவுக்குள் நடப்பது இதுதான். லீவரை இழுக்கும்போது ஃபிலிம் ஒரு கட்டம் நகர்கிறது, எண் ஒன்று கூடுகிறது, ஷட்டரின் ஸ்ப்ரிங் முறுக்கேறுகிறது. அதோடு லீவர் பூட்டிக்கொள்ளும். பட்டனை அழுத்தினால், எஸ்எல்ஆர் கேமராவாக (லென்ஸ் வழியாக வரும் காட்சியையே கண்ணாடி வைத்துக் காட்டும் வகை) இருந்தால், முதலில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும். ஷட்டரின் முதல் திரை ஓடும், பின்னாலேயே இரண்டாம் திரை ஓடும், கண்ணாடி கீழே இறங்கும். இந்த வரிசை கடைசிவரை முடிந்தால்தான் லீவரின் பூட்டு திறக்கும். ஆகவே லீவர் நகரவில்லை என்றால், ‘முந்தைய படம் இன்னும் முடியவில்லை’ என்று கேமரா சொல்கிறது. அந்த நேரத்தில் லீவரைப் பலமாக இழுத்தால் உள்ளே நகம் அளவுகூட இல்லாத ஒரு கொக்கியின் மேல் மொத்த விசையும் போய் விழும். சாதாரணமாகத் தீர்ந்திருக்க வேண்டிய பிரச்சினை அப்போதுதான் நிஜப் பழுதாக மாறுகிறது. லீவரை இரண்டு விரலால் தள்ளும் அளவுக்கு மேல் விசை கொடுக்கவே கூடாது.

முதல் கட்டத்துக்கு ஒரு கருவியும் தேவையில்லை. திருப்புளியை எடுக்காமல் படியுங்கள்.

உள்ளே ஃபிலிம் இருக்கிறதா?

பின்மூடியைத் திறந்து பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். முதலில் இடது பக்க மேல்மூலையில் இருக்கும் ரீவைண்ட் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அநேகமாக உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சுற்றுக்குள் இறுகி நின்றால் ஃபிலிம் இருக்கிறது. தாத்தாவோ அப்பாவோ கடைசியாக எடுத்த படங்கள் அதில் இருக்கலாம். கேமராவைவிட அந்த ரோல் உங்களுக்குப் பெரிதாக இருக்கக்கூடும்.

அடிப்பக்கத்தில் ஒரு சிறிய பட்டன் இருக்கும், ஃபிலிமை விடுவிப்பதற்கு. அதை அழுத்திவிட்டு ரீவைண்ட் கைப்பிடியைச் சுற்றுங்கள். ஃபிலிம் சரசரவென்று டப்பாவுக்குள் திரும்பும். கடைசியில் ஒரு சின்ன இழுப்பு உணர்ந்து, அப்புறம் கைப்பிடி லேசாகிவிட்டால் முழுதும் சுற்றிவிட்டது என்று அர்த்தம். இப்போது திறக்கலாம்.

சுற்ற மறுக்கிறதா? ஃபிலிமின் ஓட்டைகள் கிழிந்திருக்கலாம், அல்லது டப்பாவின் உள்முனையிலிருந்தே பிய்ந்து வந்திருக்கலாம். அப்படியானால் முழு இருட்டில்தான் திறக்க வேண்டும். சேஞ்சிங் பேக் என்ற கறுப்புப் பை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரவில், ஜன்னல் இல்லாத அறையில், கதவிடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு, கெட்டியான போர்வைக்குள் கைகளை விட்டுச் செய்யலாம். கலர் ஃபிலிமும் இன்று கிடைக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்களில் பெரும்பாலானவையும் எல்லா நிறத்துக்கும் மசியும். சிவப்பு பல்பு போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மோடத்தின் பச்சைப் புள்ளி, கைக்கடிகாரத்தின் ஒளிரும் முள், செல்போன் எல்லாம் அறைக்கு வெளியே.

இருட்டில் மூடியைத் திறந்து, வலது பக்க உருளையில் சுற்றியிருக்கும் ஃபிலிமை விளிம்பைப் பிடித்து மெதுவாக உருவி, கையாலேயே இறுக்கமாகச் சுருட்டி, கறுப்பு ஃபிலிம் டப்பாவில் போட்டு மூடுங்கள். ஃபூஜி ரோல்களோடு வரும் வெள்ளை டப்பா ஒளியை உள்ளே விடும், அது கூடாது. டப்பாவுக்கு மேல் கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றி, ‘இருட்டில் மட்டும் திறக்கவும்’ என்று எழுதிக் கழுவும் லேபில் கொடுக்கலாம். ரோல் எத்தனை வருடம் பழையது என்பதையும் சொல்லிவிடுங்கள். பழைய கலர் ரோல் மங்கிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். கறுப்பு வெள்ளை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஜாம் போலத் தெரியும், ஆனால் ஜாம் இல்லை

ஃபிலிம் விஷயம் தீர்ந்தது. இனி, பழுதே இல்லாமல் கேமரா பூட்டிக்கொள்ளும் காரணங்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

36, 37, 38 என்று எண் காட்டும்போது லீவர் பாதியில் நின்றால் அது ஜாம் இல்லை, ரோல் முடிந்துவிட்டது. ரீவைண்ட் செய்ய வேண்டியதுதான்.

பட்டனைச் சுற்றி ஒரு வளையமோ பக்கத்தில் ஒரு சிறு நெம்போ இருந்தால், அது பூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கேனன் ஏஇ-1இல் லீவரின் அடியில் ‘எல்’, ‘ஏ’ என்று இரண்டு நிலை உண்டு. ‘எல்’ என்றால் பூட்டு. நிக்கான் எஃப்எம்2இல் இது இன்னும் தந்திரமாக இருக்கும்: லீவரை உடலோடு ஒட்டி முழுதாக உள்ளே தள்ளியிருந்தால் பட்டன் அமுங்காது. கொஞ்சம் வெளியே இழுத்து நிறுத்தினால்தான் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் எரியும், பட்டனும் வேலை செய்யும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல எஃப்எம்2ஐ ‘பழுது’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவருக்கு யோகம்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35க்கு பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் வளையம் வெளிச்சத்தை அளக்கிறது. வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டரில் ஒரு சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டரைப் பூட்டிவிடும். படுக்கையறையில் உட்கார்ந்து அழுத்தினால் பூட்டத்தான் செய்யும். மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் அழுத்திப் பாருங்கள். அங்கேயும் கொடி எழும்பினால் செலினியம் செத்திருக்கலாம். அப்போதும் வளையத்தை ‘ஏ’யிலிருந்து நகர்த்தி ஒரு எஃப் எண்ணில் (லென்ஸின் திறப்பு அளவான அப்பர்ச்சரைக் குறிக்கும் எண்) வைத்தால் ஷட்டர் விழும்.

கேனோனட் க்யூஎல்17 ஜிIIIஇலும் இதே கதைதான். அப்பர்ச்சர் வளையம் ‘ஏ’யில் இருந்து பேட்டரி இல்லாவிட்டால் பட்டன் பூட்டிக்கொள்ளும். வளையத்தை ‘ஏ’யிலிருந்து எடுத்தால் பேட்டரியே இல்லாமல் அத்தனை ஷட்டர் வேகமும் ஓடும்.

ஷட்டர் திறந்தபடியே நின்றுவிட்டது என்றால் வேக வளையம் ‘பி’யில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) இருக்கிறதா என்று பாருங்கள், சில பழைய கேமராக்களில் ‘டி’யும் உண்டு. ‘டி’யில் ஒருமுறை அழுத்தினால் திறக்கும், இன்னொரு செய்கைக்குத்தான் மூடும்.

அப்புறம் செல்ஃப் டைமர். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் பழைய லீஃப் ஷட்டர் கேமராக்களில் நிஜமாகவே சிக்கிக்கொள்ளும் முதல் உறுப்பு இதுதான். லென்ஸ் அருகே ‘வி’ என்று குறித்த சிறு நெம்பு பாதியில் நின்றிருந்தால், அது ஓட வேண்டிய திசையில் விரல் நுனியால் மெதுவாக உதவுங்கள். பல நேரங்களில் கிர்ரென்று ஓடி, கடைசியில் ஷட்டரும் விழுந்துவிடும். அது விழுந்த பிறகு அந்த நெம்பை இனி ஒருபோதும் தொடாதீர்கள். குழுப் படத்தில் நீங்களும் நிற்க வேண்டுமென்றால் வேறு யாரையாவது அழுத்தச் சொல்லுங்கள்.

சோவியத் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபெட், ஜோர்க்கி வகைகளில் ஷட்டர் வேகத்தை லீவர் இழுத்த பிறகுதான் மாற்ற வேண்டும். முன்னால் மாற்றினால் உள்ளே அமைப்பு இடம் மாறிச் சிக்கும். ஜெர்மானிய காம்பூர் ராப்பிட் ஷட்டரில் நேர் எதிர்: உச்ச வேகத்துக்குத் தனி ஸ்ப்ரிங் இருப்பதால், அந்த வேகத்தை முறுக்கேற்றும் முன்பே வைத்துவிட வேண்டும். கேமரா எந்த வகை என்று தெரியாமல் வளையங்களைத் திருகிப் பார்க்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பேட்டரி: பாதி ஜாம்கள் இங்கேயே முடியும்

கேனன் ஏஇ-1 1976இல் வந்தது. நம் ஊரில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பெட்டியில் வந்திறங்கிய எஸ்எல்ஆர்களில் இதற்கு நல்ல இடம் உண்டு. இதன் ஷட்டரைப் பட்டன் நேரடியாக விடுவிப்பதில்லை, மின்காந்தம்தான் விடுவிக்கிறது. பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் விழாது, ஷட்டர் விழாவிட்டால் லீவர் பூட்டியே இருக்கும். பார்ப்பவருக்கு அது முழு ஜாம். இத்தனைக்கும் தேவைப்படுவது 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி ஒன்றுதான்.

பேட்டரி அறையின் மூடி பிளாஸ்டிக். அதன் கொக்கி லேசில் உடையும். நகத்தால் நெம்பாமல், மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகித் திறக்கவும். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகரைத் தொட்டுத் துடைத்தால் அது நுரைத்துக் கரையும். பஞ்சு சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்து, தொடுமுனை பளபளக்கும் வரை ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். புதுப் பேட்டரி போட்டு, மேலே இருக்கும் பேட்டரி சோதனைப் பட்டனை அழுத்தியபடி வியூஃபைண்டருக்குள் பாருங்கள். ஊசி அசைந்தால் மின்சாரம் போகிறது.

நிக்கான் எஃப்இ போன்றவற்றில் விளைவு வேறு மாதிரி இருக்கும்: பேட்டரி இல்லாமல் அழுத்தினால் கண்ணாடி மேலே போய் அங்கேயே நிற்கும், வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். வேக வளையத்தை ‘எம்90’க்குத் திருப்பினால் கண்ணாடி இறங்கும். ஒலிம்பஸ் ஓஎம்-10இல் ‘பி’க்குத் திருப்ப வேண்டும்.

பென்டாக்ஸ் கே1000க்கு இந்தக் கவலையே இல்லை. அதன் ஷட்டர் முழுக்க இயந்திரம்; பேட்டரி மீட்டருக்கு மட்டும். 1976 முதல் 1997 வரை அதைத் தயாரித்துக்கொண்டே இருந்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். யாஷிகா எலெக்ட்ரோ 35, பெயரிலேயே மின்சாரம் இருந்தாலும், பேட்டரி இல்லாவிட்டால் 1/500இல் ஓடும். ஆகவே இந்த இரண்டில் ஒன்று சிக்கியிருந்தால் பேட்டரியைக் குறைசொல்லிப் பயனில்லை, மேலே படியுங்கள்.

கண்ணாடி ஒட்டிக்கொண்டதா?

எஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். கண்ணாடி மேலே ஒட்டி நிற்கிறதா, பாதியில் நிற்கிறதா?

கண்ணாடி மேலே மோதும் இடத்தில் ஒரு மெல்லிய ஸ்பாஞ்சுப் பட்டை இருக்கும். முப்பது, நாற்பது வருடத்தில் அது கறுப்புத் தாராக இளகிவிடும். நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். கண்ணாடி ஒருமுறை மேலே போனால் அதில் ஒட்டிக்கொள்ளும். வரிசை அங்கேயே நின்றுவிடும். கண்ணாடியின் ஓரச் சட்டத்தை மட்டும், பல்குத்தும் குச்சியால் கீழ்நோக்கி மெல்ல விலக்குங்கள். தடக்கென்று இறங்கினால் அந்தக் கணமே லீவர் விடுபட்டிருக்கும்.

ஆனால் ஸ்பாஞ்சை மாற்றாவிட்டால் நாளை மறுபடி ஒட்டும். ஷட்டர் திரையின் மேல் ஒரு காகிதத்தை வெட்டி வைத்து மூடிக்கொள்ளுங்கள். ஐஸ்க்ரீம் குச்சியைச் சீவி, ஆல்கஹால் தொட்டு, பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். கேமராவை நிமிர்த்திப் பிடித்துச் செய்தால் துணுக்குகள் மேலிருக்கும் ஃபோகசிங் ஸ்க்ரீனில் (கண்ணாடி அனுப்பும் காட்சி வந்து விழும் தகடு) விழாமல், கீழே போகும். வேலை முடிந்ததும் காகிதத்தோடு தட்டிவிடலாம். புதுப் பட்டையாக, பழையதன் கனத்திலேயே மென்மையான கறுப்பு ஸ்பாஞ்சு ஷீட்டை வெட்டி ஒட்டுங்கள். கனம் கூடினால் கண்ணாடி முழுதாக மேலே போகாது.

இரண்டு பொருளைத் தொடவே கூடாது. ஒன்று, கண்ணாடியின் முகம். வீட்டுக் கண்ணாடி போல இல்லாமல் வெள்ளிப்பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது, துடைத்தால் கீறும். மற்றது ஃபோகசிங் ஸ்க்ரீன். பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் மங்கும். தூசி இருந்தால் கை பம்பால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

அடித்தட்டைக் கழற்றுதல்

இதுவரை ஒன்றும் பலிக்கவில்லையென்றால் திருப்புளிக்கு வேலை வந்துவிட்டது. ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல்குறி ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்யப்பட்டவை. சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளி அதில் சரியாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒரு செட் வாங்கிக்கொள்வது இந்த வேலையின் ஒரே கட்டாயச் செலவு. கூடவே நுனி கூரான இடுக்கி, பஞ்சுக் குச்சி, 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல்.

வேலைக்கு ஒரு பெரிய தாம்பாளத்தட்டில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். உருண்டு ஓடும் ஸ்க்ரூ விளிம்பைத் தாண்டாது. கழற்றும் ஒவ்வொன்றையும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று தெரியும்படி இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி வையுங்கள். ஒரே தட்டின் ஸ்க்ரூக்கள்கூட நீளத்தில் வேறுபடும். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம்.

எண்ணெய் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டபிள்யூடி-40, தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் கேமராவுக்குள் விடாதீர்கள். எண்ணெய் பரவி ஷட்டர் இலைக்கும் திரைக்கும் போய்ச் சேரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையவே செய்யும். ஊட்டிக்கு எடுத்துப்போனால் கேமராவும் உறைந்து நிற்கும். சிக்கிய கேமராவுக்கு வேண்டியது பெரும்பாலும் புது எண்ணெய் இல்லை, பழைய எண்ணெயை அகற்றுவது.

அடித்தட்டு வந்ததும் எதையும் தொடாமல் பாருங்கள். பற்சக்கரங்களுக்கிடையில் ஃபிலிம் துணுக்கு, மணல், உடைந்த ஸ்பாஞ்சு ஏதாவது சிக்கியிருக்கிறதா? ஓட்டை கிழிந்த ஃபிலிமின் ஒரு சின்னச் சதுரம் போதும், மொத்த அமைப்பையும் நிறுத்த. இடுக்கியால் எடுங்கள். அடியிலுள்ள ரீவைண்ட் பட்டன் உள்ளேயே அமுங்கி நின்றுவிட்டதா என்றும் பாருங்கள். அதைச் சுற்றி லைட்டர் பெட்ரோல் ஒரு துளி விட்டு, மேலும் கீழும் அசைத்தால் விடுபடும்.

லீவரை மெல்ல இழுத்தபடி எந்த நெம்பு எதில் முட்டி நிற்கிறது என்று கவனியுங்கள். பழுதில்லாத கேமராவில் ஒவ்வொரு நெம்பையும் ஒரு சின்ன ஸ்ப்ரிங் தானாகவே திருப்பி இழுக்கும். தன்னால் திரும்பாமல் மந்தமாக நிற்கும் நெம்புதான் குற்றவாளி. கெட்டியான பழைய கிரீஸ் அதைப் பிடித்திருக்கும். அதன் அச்சில் ஊசி முனையால் ஒரு துளி லைட்டர் பெட்ரோல். சில நிமிடம் விட்டு, குச்சியால் அசைத்துப் பாருங்கள்.

ஏஇ-1இல் பேட்டரி நன்றாக இருந்தும், மீட்டர் ஊசி அசைந்தும், அழுத்தினால் ஒன்றுமே நடக்காவிட்டால் ரிலீஸ் மின்காந்தத்தைச் சந்தேகியுங்கள். அதில் ஒரு நிலைக்காந்தம் இரும்புத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தும்போது பாயும் மின்சாரம் அந்தப் பிடிப்பை ஒரு கணம் தளர்த்த, ஸ்ப்ரிங் துண்டை இழுத்துக்கொள்ளும். இரண்டும் தொடும் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் பிடி விடாது. மெல்லிய காகிதக் கீற்றை ஆல்கஹாலில் நனைத்து இரண்டுக்கும் நடுவே செருகி உருவுங்கள். காகிதத்தில் பழுப்பாக ஒரு கோடு விழும். கோடு விழாத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

மேல்தட்டைக் கழற்றும் ஆசை இந்த நேரத்தில்தான் வரும். முதல் கேமராவிலேயே அது வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே மெல்லிய ஒயர்கள், மீட்டரின் நூல், சில மாடல்களில் வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருகிக் கழற்ற வேண்டிய வளையங்கள் எல்லாம் இருக்கின்றன.

லீஃப் ஷட்டர்: கிளிக் கேட்கிறது, இலை திறக்கவில்லை

யாஷிகா எலெக்ட்ரோ, கேனோனட், கோனிக்கா, பழைய மடிப்புக் கேமராக்கள் எல்லாவற்றிலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. வியூஃபைண்டர் ஒழுங்காகத் தெரியும், பட்டன் ‘டிக்’ என்னும், ஆனால் பின்மூடியைத் திறந்து பார்த்தால் இலைகள் அசையவே இல்லை. ஃபோகஸ் வளையத்தின் பழைய கிரீஸ் வெப்பத்தில் இளகி வந்து, காகிதத்தைவிட மெல்லிய அந்த எஃகு இலைகளை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வீட்டில் செய்யக்கூடிய பழுதுகளில் மிகவும் பலன் தருவது இதுதான்.

லென்ஸின் முன்னால் பெயர் பொறித்த வளையம் இருக்கும். அதன் விட்டத்துக்குப் பொருந்தும் ரப்பர் மூடியை, பழைய குடை ரப்பரோ மருந்துப் புட்டி ரப்பரோ, அழுத்தி இடப்பக்கம் திருகினால் பெரும்பாலான மாடல்களில் வந்துவிடும். அதற்கு அடியில் முன்கண்ணாடித் தொகுதி. இரண்டு சிறு பள்ளங்களில் லென்ஸ் ஸ்பேனரின் முனைகளைப் பொருத்தித் திருக வேண்டும். ஸ்பேனர் வழுக்கினால் கண்ணாடி போய்விடும். நடுவில் வட்டமாக வெட்டிய காகிதத்தை வைத்து மூடிக்கொள்ளுங்கள்.

திருகும் முன் ஒரு கேள்வி: உங்கள் கேமராவில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் மொத்தமும் முன்னும் பின்னும் போகிறதா, முன்கண்ணாடி மட்டும் சுற்றுகிறதா? எலெக்ட்ரோ, கேனோனட் போல மொத்தமும் நகர்ந்தால் தொகுதியைக் கழற்றி, திரும்ப இறுதிவரை முடுக்கினால் போதும். பல மடிப்புக் கேமராக்களில் முன்கண்ணாடி மட்டும்தான் சுற்றும். அதில் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திரும்பாவிட்டால் எடுக்கும் எல்லாப் படமும் மங்கல். கூரான பென்சிலால் கோடு போட்டு, அது எந்த இடத்தில் கழன்று வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இலைகள் கண்முன்னே தெரியும். வெண்ணிற இரும்பில் நீலமோ பழுப்போ படர்ந்த ஈரப் பளபளப்பு இருந்தால் அதுதான் எண்ணெய். பஞ்சுக் குச்சியில் லைட்டர் பெட்ரோலைத் தொட்டு, உதறி, இலைகளின் மேல் ஒற்றுங்கள். அழுத்தித் தேய்த்தால் இலை வளையும். ஒற்றி, லீவர் இழுத்து, பட்டன் அழுத்தி, காயவிட்டு, மறுபடி. ஈரமாக இருக்கும்போது இலை திறப்பதை வைத்தும் திறக்காததை வைத்தும் எதையும் முடிவு செய்யாதீர்கள். பெட்ரோல் காய்ந்ததும் கரைந்த எண்ணெய் அங்கேயே படிந்து மறுபடி ஒட்டும். பயந்துவிட வேண்டாம்; எண்ணெய் பஞ்சுக்கு வந்து சேரும்வரை அப்படித்தான் இருக்கும். பஞ்சு கறுக்காமல் வெள்ளையாகவே வரும்போதுதான் சுத்தம். பின்பக்கத்திலிருந்தும் ‘பி’யில் வைத்துத் திறந்து பார்த்து, உள்கண்ணாடிகளில் படிந்த புகைபோன்ற மூட்டத்தை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மூடுங்கள்.

லைட்டர் பெட்ரோல் சட்டென்று பற்றும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் பூஜை விளக்கு, ஊதுவத்தி, கேஸ் அடுப்பு எதுவும் கூடாது.

இங்கே நிறுத்துங்கள்

உள்ளே ஃபிளாஷ் பொருத்திய சிறிய ஆட்டோ கேமராக்களைத் திறக்காதீர்கள். ஃபிளாஷின் கப்பாசிட்டர் 300 வோல்ட் வரை சேமித்து வைக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது தூக்கி அடிக்கும். துணித் திரை கிழிந்திருந்தாலோ, உள்ளிருந்து ஸ்ப்ரிங் துண்டு விழுந்தாலோ, லீவர் எதிலும் பிடிக்காமல் சும்மா சுற்றினாலோ கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே சரி. கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டுக் கூடவே கொடுங்கள். என்ன செய்து பார்த்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

விடுபட்ட பிறகு

ஃபிலிம் போடாமல் பின்மூடியைத் திறந்து வைத்து, லென்ஸை வெளிச்சத்துக்குக் காட்டி, உச்ச வேகத்திலிருந்து ஒரு நொடி வரை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். 1/1000இல் சட்டகத்தின் ஒரு ஓரம் மட்டும் இருட்டாகத் தெரிந்தால் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை. 1/30க்குக் கீழே மட்டும் திறந்தபடி நின்றால் மெதுவேகப் பற்சக்கரத் தொகுதியில் பிசுக்கு இருக்கிறது. தினம் கொஞ்ச நேரம் அந்த வேகங்களில் ஓட்டிக்கொண்டே இருந்தால் பல கேமராக்கள் தானாகவே வழிக்கு வரும். வராவிட்டாலும் 1/60க்கு மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் தாராளமாகப் படம் எடுக்கலாம். போனின் ஸ்லோ மோஷனில் 240 ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்து, ஷட்டர் எத்தனை ஃப்ரேம் திறந்திருக்கிறது என்று எண்ணினால் மெதுவேகங்களை ஓரளவு அளந்துவிடலாம்: 1/30 என்றால் 8 ஃப்ரேம், 1/8 என்றால் 30.

அடுத்தது ஃபிலிம் ஓட்டம். காலாவதியான ரோல் ஒன்றைப் பலி கொடுத்து, வெளிச்சத்திலேயே மாட்டி, மூடி, லீவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்பிலும் ரீவைண்ட் கைப்பிடி எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபிலிம் பற்களில் மாட்டவில்லை. 36 வரை ஓட்டி, ரீவைண்ட் செய்து, வெளியே எடுத்து ஓட்டைகளின் ஓரத்தைப் பாருங்கள். கிழிசல் இருந்தால் அடித்தட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பின்மூடியின் பள்ளங்களில் இருக்கும் ஒளித்தடுப்பு ஸ்பாஞ்சையும் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கண்ணாடி ஸ்பாஞ்சு இளகியிருந்தால் இதுவும் இளகித்தான் இருக்கும். குறுகிய பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தாலே போதும். அப்புறம் ஒரு நல்ல ரோல். ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தையும் அப்பர்ச்சரையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். கழுவி வந்ததும் எந்தப் படம் எந்த வேகத்தில் பிசகியது என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.